அடுத்தவன் கரையில் நம் மணல்

மொலேராவில் என்ன மாதம் என்று தெரிந்துகொள்ள நாள்காட்டி தேவையில்லை. மணல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே அரிவாளாக வளைந்த சின்னக் கடற்கரை அது. அக்டோபர் கடைசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் மேற்குப் பக்கத்து மணல் மூட்டை முடிச்சோடு கிழக்குப் பக்கம் போய்விடும். மார்ச் வாக்கில் தென்கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் பாதி திரும்பி வரும். தாய்வீடு போய் வருகிற பெண்ணைப் போல என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். எர்மீனியோ அப்படிச் சொல்ல மாட்டான். கள்ளப் புருஷனிடம் போய் வருகிறது என்பது அவனுடைய அபிப்பிராயம். அதுவும் பாதிதான் வருகிறது.

அபிப்பிராயத்துக்குக் காரணம் உண்டு. மேற்குப் பக்கத்தில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விட்டு, பின்னால் ஓர் அடுக்களையில் மீன் பொரித்துக் கொடுக்கிற 'குளியல்' அவனுடையது. ஊரில் அந்தத் தொழிலுக்கே குளியல் என்றுதான் பெயர். கிழக்குக் குளியல் ஒரெஸ்தேயினுடையது. எர்மீனியோவின் மனைவி தில்தே, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு கோடை முழுக்க ஒரெஸ்தேயோடு துறைமுக மேடையில் நடனமாடியவள். மூன்றாவது கோடையில் எர்மீனியோவைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்டதே இல்லை. அந்த வருஷம் மேற்கே மணல் எக்கச்சக்கமாகக் குவிந்து கிடந்தது. கேட்டால் அதுதான் காரணம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. மகள் ஜெனோவாவில் பல் வைத்தியராக இருக்கிறாள். பயம் மட்டும் நரைக்கவில்லை. ஒரெஸ்தே இன்றுவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பதை ஊர் சோம்பேறித்தனம் என்றது. எர்மீனியோ அதைப் பொறுமை என்றான்.

செப்டம்பர் முடிந்து கடைசி ஜெர்மன் பயணியும் வெயிலில் தோல் உரிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் குளியல்களைப் பிரிக்கிற வேலை தொடங்கும். உடை மாற்றும் மரக்கூண்டுகளைப் பலகை பலகையாகக் கழற்ற வேண்டும். குடைத் துணிகளை நல்ல தண்ணீரில் அலசி, நாற்காலிகளின் மூட்டுகளில் எண்ணெய் விட்டு அடுக்க வேண்டும். எர்மீனியோ இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவன். கை பலகையில் இருக்கும், கண் கிழக்கே இருக்கும். ஒரெஸ்தே எத்தனை நாற்காலிக்குப் புதுத்துணி போட்டிருக்கிறான், கூண்டுக்கு என்ன சாயம் அடிக்கிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தன் இரத்த அழுத்தத்தைவிட நன்றாகத் தெரியும்.

பிறகு கச்சான் வரும். வாசலில் நின்று பார்க்கப் பார்க்க மணல் போகும். ஒவ்வொரு அலையும் ஒரு வாய் அள்ளிக்கொண்டு கிழக்கே நகரும். கிறிஸ்துமஸுக்குள் மேற்குப் பக்கத்தில் வெறும் கூழாங்கல்தான் மிச்சம். கிழக்கே மணல் மேடிட்டு, அதன்மேல் கடலடியிலிருந்து பிடுங்கி வந்த கடற்புல் ஆளுயரத்துக்கு மெத்தை போட்டிருக்கும். மெத்தையைக் குளிர்காலத்தில் யாரும் தொடமாட்டார்கள். அதுதான் மணலைப் பிடித்து வைத்திருக்கும்.

தில்தேவுக்கு ஜனவரியிலும் கடலில் குளிக்கிற பழக்கம். அவள் அம்மாவுக்கும் இருந்தது, சளியே பிடிக்காதாம். கல்லில் கால் வைத்து இறங்க முடியாதென்பதால் குளிர்காலக் குளியல் ஒரெஸ்தேயின் கரையில். காலையில் தோளில் துண்டோடு கிழக்கே நடப்பாள். புல்மெத்தைக்கு இடையே ஒற்றையடிப் பாதை ஒன்று நீர் வரை போகும். அந்தப் பாதையை வெட்டி வைத்தது யார் என்று எர்மீனியோ விசாரித்ததில்லை; விடை தெரிந்த கேள்வி. பறவை பார்க்கவென்று மகள் வாங்கித் தந்த தொலைநோக்கி ஒன்று அவனிடம் இருந்தது. அதில் இதுவரை ஒரு பறவையும் அகப்படவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரெஸ்தே பெயர்ப்பலகைக்குச் சாயம் அடிக்க ஏணியில் ஏறி, சற்றுத் தள்ளி நின்று அதை ரசிக்கப் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செய்தி கேட்டு எர்மீனியோ வருத்தம் தெரிவிக்க ஆஸ்பத்திரிக்கே போனான். கையில் ஆரஞ்சுப் பழம்கூடக் கொண்டுபோனான். கொஞ்சம் புளித்த ரகம்.

மார்ச் பாதி போயிற்று. சூசையப்பர் திருநாளுக்குத் தில்தே திராட்சை போட்ட உருண்டை பொரித்தாள். கொண்டல் வந்து அடித்துவிட்டுப் போனது. இன்னொரு முறையும் வந்தது. மணல் வரவில்லை.

அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே தில்தே பேச்சை எடுத்தாள்.

"வக்கீலம்மா ஃபோன் பண்ணாங்க. குடை எங்க நடுவீங்கன்னு கேட்டாங்க."

துரீன் நகரத்து வக்கீலம்மா முதல் வரிசைக்காரி. மொலேராவில் கடலை ஒட்டிய முதல் வரிசைக் குடை பரம்பரைச் சொத்து மாதிரி. அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். இரண்டாம் வரிசைக்காரர்கள் முதல் வரிசைக்காரர்களின் உடல்நலத்தை மிகவும் அக்கறையாக விசாரிப்பார்கள். அந்த வரிசையே போனால் மேற்குக் குளியல் போனது.

"நீ என்ன சொன்ன?" என்றான் எர்மீனியோ.

"வெயில் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"மணல் வரும்."

"எப்ப? ஈஸ்டர் கிட்டத்துல வந்துடுச்சு. கல்லுல துளை போட்டா குடை நடுவ?" ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "ஒரெஸ்தே கேட்டான். இடுப்ப வச்சுக்கிட்டு அவனால அடுப்புப் பக்கம் நிக்க முடியாது. இந்த சீசனுக்கு அவன் அடுக்களைய நான் பாத்துக்க முடியுமான்னான்."

"எப்ப கேட்டான்?"

"குளிக்கப் போனப்ப."

"குளிக்கிறப்பவா?"

"துவட்டறப்ப. ஊன்றுகோலோட அவன் வீட்டு பால்கனியில நின்னு கேட்டான். ஈஸ்டர் போகட்டும், சொல்றேன்னேன். மணல் வந்தா இங்க பொரிக்கிறேன். வரலைன்னா அங்க பொரிக்கிறேன். ரெண்டு பேரும் உக்காந்து கல்ல எண்ணிட்டு இருக்க முடியாது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் எர்மீனியோவை வாட்டியது. சண்டை போடத் தோதாக ஒரு வார்த்தைகூட அவள் விட்டு வைக்கவில்லை. கோடை முழுக்க தில்தே கிழக்கே நின்று நெத்திலி பொரிப்பதை, ஒரெஸ்தே உப்பு சரியாக இருக்கிறதென்று சொல்வதை, அவள் கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதை அவன் மனதில் மூன்று தரம் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தரமும் பின்னணியில் நடன மேடைப் பாட்டு வேறு.

மறுநாள் கிழக்குப் பாறைவரை நடந்து போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வழக்கமாகச் சூசையப்பர் திருநாளுக்கு முன்பே ஒரெஸ்தே புல்லை அள்ளிச் சாலைச் சுவரோரம் போட்டுவிடுவான். இந்த வருஷம் இடுப்பு. மெத்தை அப்படியே கிடந்தது. மேலே ஆளுயரம் புல்லைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற மணலைக் கொண்டல் எப்படி எழுப்பும்? அடியில் எர்மீனியோவின் மணல் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, ஒரெஸ்தேயின் வீட்டில்.

மொலேராவில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொலை செய்தாலும் சாட்சி கிடைக்காது. அடுத்த ஞாயிறு, தில்தே தங்கை வீட்டு விருந்துக்குப் போயிருந்தாள். எர்மீனியோ வயிறு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டு, வைக்கோல் அள்ளுகிற கவையோடு கிழக்கே போனான்.

வேலை லேசானதல்ல. மேலே உலர்ந்த புல் நாடா நாடாவாகக் காற்றில் பறந்து வாயில் புகுந்தது. கொஞ்சம் உள்ளே போனால் ஈரம். ஒரு கவை தூக்கினால் முதுகெலும்பு தன் வயதைச் சொன்னது. இன்னும் உள்ளே அழுகிய முட்டை நாற்றம். கிளறக் கிளறத் தத்துப்பூச்சிகள் கிளம்பிக் கால்சட்டைக்குள் குடியேறின. எர்மீனியோ எதையும் பொருட்படுத்தவில்லை. சொந்தக் கரையில்கூட அவன் இப்படி வேலை செய்ததில்லை. பொறாமைக்கு இடுப்புவலி தெரியாது.

சாட்சி ஒன்று இருந்தது. புகையிலைக் கடை ஆர்ஜியா, டாக்டர் சொன்னாரென்று, மதியச் சாப்பாட்டை விட்டிருந்தாள். பசியை மறக்கச் சாலையில் நடந்து வந்தவள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எர்மீனியோ, நீயா? ஒரெஸ்தே கரையிலயா?"

எர்மீனியோ கவையோடு நிமிர்ந்து வாயிலிருந்த புல்லைத் துப்பினான்.

"அவனுக்கு இடுப்பு சரியில்ல இல்ல," என்றான்.

ஆர்ஜியா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பசியோ என்னவோ.

மறுநாள் காலை காபிக் கடையில் அவன் காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். தனக்குப் பிடிக்காத மனுஷனுக்காகக் கவை தூக்கினான் என்று ரொட்டிக் கடையில் பேச்சு. அடுத்த வார ஞாயிறன்று தொன் செவேரோ சாமியார் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் எர்மீனியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அண்டை வீட்டானை நேசிப்பது பற்றி விரிவாகப் பேசினார். எர்மீனியோ தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று அதற்கும் நல்ல பேர் கிடைத்தது.

இனி ஒளிய வேண்டியதில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, அள்ளினான். போகிற வருகிறவர்கள் சுவர் மேலிருந்து ஊக்கம் கொடுத்தார்கள். இறங்கி வந்து ஒரு கவை தூக்கியவர்கள் யாருமில்லை. பால்கனியில் ஒரெஸ்தே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

"எர்மி," என்று ஒரு நாள் கூப்பிட்டான். "இத்தன வருஷமா உன்னப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன்."

"என்னன்னு?"

"வேண்டாம். இப்ப சொன்னா மரியாதையா இருக்காது."

"பரவால்ல, சொல்லு."

"அடிப்புல்ல மட்டும் விட்டுடு, எர்மி. போதும். நீ ரொம்பக் களைச்சுட்ட."

அடிப்புல் என்பது மணலோடு மணலாக மிதிபட்டுப் பாய்போல இறுகிய கடைசி அடுக்கு. அதை எந்த வருஷமும் யாரும் எடுப்பதில்லை. அது பிடித்துக்கொள்வதால்தான் கொண்டலில் பாதி மணல் போய்ப் பாதி தங்குகிறது. சரி என்று எர்மீனியோ தலையாட்டினான். அப்போதே கிளம்பியும் இருப்பான். அந்த நேரம் பார்த்துத் தில்தே வந்தாள். கையில் மூடிய தட்டு. கடலைமாவு ரொட்டி, சுடச்சுட, மிளகு தூவி. வேலை செய்கிற புருஷனுக்குத்தான் கொண்டுவந்தாள். வருகிற வழியில் பால்கனிப் படியில் ஏறி, ஒரெஸ்தேவுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு வந்தாள். ஓரத்துத் துண்டு. மொறுமொறுவென்று இருக்கிற ஓரத்துத் துண்டு.

எர்மீனியோ நடுத்துண்டைத் தின்றான். அவள் போன பிறகு கவையைத் திரும்ப எடுத்தான். ஒரெஸ்தே பால்கனியில் வாயைத் திறந்தபடி தூங்கிப் போயிருந்தான். எர்மீனியோ அடிப்புல்லைப் பாய் பாயாக உரித்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கொண்டல் வந்தது. வெதுவெதுப்பான காற்று, வானம் துருப்பிடித்த தகரம் போல. பாலைவனத்துச் செம்புழுதி மழையோடு கலந்து கார்களின் மேல் விழுந்தது. நாள் கணக்கில் அடித்தது. எர்மீனியோ சன்னலை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு அலையும் இந்த முறை கொடுத்துவிட்டுப் போனது.

காற்று அடங்கிய காலையில் மேற்குக் கரையில் மணல் விரிந்து கிடந்தது. எந்தக் கோடையிலும் இல்லாத மணல். பழைய நீர்க்கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு வரிசைக் குடை நடலாம் போல. எர்மீனியோ செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். காலை எடுத்து எடுத்து வைத்தான். பிறகு கிழக்கே பார்த்தான். கல். பல் போன ஈறு மாதிரி பாறைமுனை வரைக்கும் கல்.

தில்தே துண்டோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். மேற்கைப் பார்த்தாள், கிழக்கைப் பார்த்தாள், கடைசியாக அவனைப் பார்த்தாள்.

"அடிப்புல்லையும் எடுத்தியா?"

"அழுகிப் போயிருந்துச்சு."

"எர்மீனியோ."

"கொஞ்சந்தான் எடுத்தேன்."

"ஊரே உன்னப் புண்ணியவான்னு சொல்லுது. நான் போய் இல்லைன்னு சொல்லட்டா?"

ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் இப்போது உதவவில்லை. அவள் கிழக்கே நடக்கத் தொடங்கினாள். நாலடி போவதற்குள், இத்தனை காலம் தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"மணலுக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?"

தில்தே திரும்பினாள். "என்ன?"

"அந்த வருஷம். மேற்க நிறைய மணல் இருந்துச்சு."

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள், பாலில் ஏதோ விழுந்து கிடப்பதைப் பார்ப்பதுபோல.

"ஒரெஸ்தே நல்லா ஆடுவான்," என்றாள். "நிறுத்தவே மாட்டான். ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்த பாட்டு. எனக்குக் கால் வலிச்சுது. நீ ஓரமா உக்காந்திருந்த. பக்கத்துல நாற்காலி காலியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"உனக்கு வேற என்ன வேணும்? வந்து உக்காந்தேன். இன்னும் எந்திரிக்கல." துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நான் எங்கயும் போகல. ஆனா அவன் இங்க வருவான். அவன் குடையும் வரும், அவன் ஆளுங்களும் வருவாங்க. மணல் கொண்டு வந்தவன் நீதான. எடம் பண்ணு."

அப்படித்தான் ஆயிற்று. மே மாதம் முழுக்க எர்மீனியோ இரண்டு குளியல்களின் கூண்டுகளையும் ஒரே கரையில் பொருத்தினான். ஊரில் இதுவும் அவனுடைய பெருந்தன்மைக் கணக்கில் சேர்ந்தது. வரும்படியில் பாதி ஒரெஸ்தேவுக்கு என்று தான் சொன்னதாக அவனே கேள்விப்பட்டான், சொன்னது தில்தே. பிரச்சினை முதல் வரிசையில் வந்தது. பழைய முதல் வரிசைக்கு முன்னால் இப்போது இன்னொரு வரிசைக்கு இடம் இருந்தது. அங்கே கிழக்குக் குளியல்காரர்கள் வந்து உட்கார, தலைமுறை தலைமுறையாக முதல் வரிசையில் இருந்த வக்கீலம்மா ஒரே நாளில் இரண்டாம் வரிசைக்காரி ஆனாள். கடலைப் பார்க்க வந்த தன்னை முன்னால் இருப்பவர்களின் முதுகுகளைப் பார்க்க வைத்துவிட்டதாக எர்மீனியோவிடம் முறையிட்டாள். நடுவில் இருக்கிற அந்தப் பெரிய முதுகு யாருடையது என்றும் கேட்டாள்.

அது ஒரெஸ்தே. இடுப்பு இன்னும் கூடவில்லை. வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவன் அதைக் கடவுள் உத்தரவு போலக் கடைப்பிடித்தான். காலையில் ஊன்றுகோலோடு வந்து, அடுக்களைச் சன்னலுக்கு நேர் எதிரே, கடலை ஒட்டிய குடையின் கீழ் உட்காருவான். நாற்காலி மட்டும் அடுக்களைப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கும். வெயில் கண்ணில் அடிக்கிறதாம்.

அந்தக் குடையைத் தினமும் நடுவது எர்மீனியோ. ஜூனில் ஒரு காலை, கம்பைச் சுழற்றிச் சுழற்றி மணலில் இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரெஸ்தே பேசினான்.

"உன்னப் பத்தி என்ன நினைச்சிருந்தேன்னு கேட்ட இல்ல."

"அப்ப நீ சொல்லல."

"ஒவ்வொரு குளிர்காலமும் உன் மணல் எங்கிட்ட வரும். அவளும் வருவா. குளிப்பா, துவட்டுவா, குளிரா இருக்குன்னு சொல்லுவா. நான் ஆமான்னுவேன். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் மார்ச் வரும், ரெண்டும் உங்கிட்ட திரும்பிடும். நான் பால்கனியில நின்னுட்டு இருப்பேன். போகட்டும்னு நானேதான் புல்லையும் அள்ளிப் போடுவேன், பாரு. உன் மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?"

எர்மீனியோ கம்பை விட்டு நிமிர்ந்தான். இப்படி ஒரு விஷயம் இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே.

"எவ்வளவு?" என்றான்.

"ரொம்ப."

"ரொம்பன்னா?"

"மார்ச் பூராத் தூங்க மாட்டேன்."

எர்மீனியோ மெதுவாகத் தலையாட்டினான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இதமாகச் சூடேறியது. ஒரெஸ்தேயின் மேல் திடீரென்று மதிப்பு வந்தது. தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் அப்படி ஒன்றும் மோசமான ஆளாக இருக்க முடியாது. குடையை விரித்து, நிழல் சரியாக இடுப்பில் விழுகிறதா என்று பார்த்து, கொஞ்சம் திருப்பிக்கூட வைத்தான்.

மதியம் அடுக்களைச் சன்னலில் தில்தே இரண்டு தட்டுகளை நீட்டினாள். பொரித்த நெத்திலி, எலுமிச்சைத் துண்டோடு. ஒன்று அவனுக்கு, ஒன்று ஒரெஸ்தேவுக்கு. காலையில் என்ன அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். மார்ச் மாதத்தில் தூக்கம் வராதாம் என்றான் எர்மீனியோ. வயசானா அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஈடு மீனை எண்ணெயில் போட்டாள்.

சூடான மணலில் கால் புதையப் புதைய, கைக்கொரு தட்டாக அவன் கடலை நோக்கி நடந்தான். மனம் நிறைந்திருந்தது. பாதி வழியில் நின்றான். இடது கைத் தட்டைப் பார்த்தான். வலது கைத் தட்டைப் பார்த்தான். அடுக்களையைத் திரும்பிப் பார்த்தான், தில்தே குனிந்திருந்தாள். ஒரெஸ்தேயின் தட்டைத் தன் தட்டோடு சேர்த்துச் சாய்த்து, மூன்று நெத்திலிகளைத் தன் பக்கம் தள்ளினான்.

இரண்டடி நடந்தான். மறுபடி நின்று, ஒன்றைத் திருப்பி வைத்தான்.